செச்செனி வெந்நீர்க் குளியலகம், புடாபெஸ்ட்

புடாபெஸ்டில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் செச்செனியைச் சொல்வேன். 1913இல் திறந்த மஞ்சள் மாளிகை, முற்றத்தில் திறந்தவெளிக் குளங்கள். பூமிக்கடியிலிருந்து 70 டிகிரிக்கு மேல் சூட்டோடு வரும் ஊற்றுநீரை, உடம்பு தாங்கும் அளவுக்கு ஆற்றி விடுகிறார்கள்.

குளிர்காலத்தில் போங்கள். தலையில் பனி விழும், கழுத்துவரை வெந்நீர். நீரில் நின்றபடியே சதுரங்கம் ஆடும் உள்ளூர்ப் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் பாதிச் சுகம்! டிக்கெட் விலை கூடுதல்தான், ஆனால் கொடுத்த காசுக்குத் தகும். ரப்பர் செருப்பும் துண்டும் மறக்காதீர்கள். நீச்சல் குளத்துக்குத் தொப்பி கட்டாயம். வார இறுதியில் கூட்டம் நெரியும், காலையிலேயே போய்விடுங்கள். 1896இல் ஓடத் தொடங்கிய முதலாம் எண் மெட்ரோவிலேயே ஏறுங்கள். செச்செனி பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது.