ஓடாத ஃபயர்வாலுக்கு மாதாமாதம் அறிக்கை: யாழ்ப்பாணத்து வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

யாழ்ப்பாணத்தில் கடை, ரியூட்டரி, கிளினிக் என்று ஏதாவது நடத்துகிறீர்களா? "உங்கட சேர்வருக்குள்ளயே வேர்ச்சுவல் ஃபயர்வால் போட்டுத் தாறம், பெட்டி ஒண்டும் வாங்கத் தேவையில்லை" என்று யாராவது கொட்டேஷனோடு வந்தால், காசு கொடுக்க முன் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். (இன்டர்நெட்டுக்கும் உங்கள் கொம்பியூட்டர்களுக்கும் நடுவில் நின்று வேண்டாததைத் தடுக்கும் காவல்தான் ஃபயர்வால். வேர்ச்சுவல் என்றால் தனிப் பெட்டி இல்லாமல் மென்பொருளாக ஓடுவது.) எங்களை ஏமாற்றிய கொம்பனியின் பெயரை இங்கே போடவில்லை. விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கிறது. அவர்கள் செய்த விதம் தெரிந்தால் போதும், இதே வேலையை வேறு ஆட்கள் செய்தாலும் பிடித்துவிடலாம்.

எங்களுடையது ஸ்ரான்லி வீதியில் மின்சாதனப் பொருட்கள் மொத்தமாக விற்கும் கடை. சுன்னாகத்திலும் கிளிநொச்சியிலும் கிளைகள் இருக்கின்றன. கணக்கு, சரக்கு இருப்பு, கடன்காரர் விவரம் எல்லாம் யாழ்ப்பாணக் கடையின் பின்னறையில் இருக்கும் ஒரே சேர்வரில். நான் அங்கே கணக்கோடு சேர்த்து கொம்பியூட்டர் பக்கத்தையும் பார்க்கிறவன். கிளைகளில் இருந்து அந்தச் சேர்வருக்குப் பாதுகாப்பாக வர ஒரு வழி வேண்டும், வெளியாட்கள் உள்ளே வராமல் இருக்க வேண்டும். எங்கள் தேவை அவ்வளவுதான்.

வேர்ச்சுவல் என்ற பேச்சு எங்கள் பக்கம் பரவியதற்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தாண்டிப் போனது. ஃபயர்வால் பெட்டி இறக்குவது யோசிக்கவே முடியாத செலவாகிவிட்டது. ஏற்கெனவே இருக்கிற சேர்வருக்குள் ஒரு மென்பொருளாக அதே ஃபயர்வாலை ஓடவிடலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதில் பிழை கிடையாது. பெரிய வங்கிகளும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் பெட்டி என்றால் மேசையில் இருக்கும், பின்னால் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும், வயர் எதற்குள் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். வேர்ச்சுவல் ஃபயர்வாலில் கையால் தொட ஒன்றும் இல்லை. விற்கிறவன் சொல்வதுதான் ஆதாரம்.

எங்களிடம் வந்தவர்கள் முதலாளிக்குத் தெரிந்த பொடியள். இன்வொய்ஸில் எழுதியிருந்தது இது: ஃபோர்டிகேட் வி.எம்.02 (ஃபோர்டிகேட் என்பது ஃபயர்வால் மார்க், வி.எம். என்றால் அதன் வேர்ச்சுவல் ரகம்), இரண்டு சி.பி.யு., ஒரு வருட லைசன்ஸ், பாதுகாப்புச் சேவைகள் உட்பட. கிளைகளுக்கு என்கிரிப்ட் செய்த வி.பி.என்., அதாவது வெளியாட்கள் வாசிக்க ஏலாதபடி இன்டர்நெட்டுக்குள்ளால் போகும் தனிவழி; நிறுவும் கூலி. எல்லாமாக மூன்று இலட்சத்துக்கு மேல். அதற்கு மேல் "மேனேஜ்மென்ட்" என்று மாதம் 15,000 ரூபாய். சேர்வரில் புரொக்ஸ்மொக்ஸ் (ஒரே சேர்வருக்குள் பல வேர்ச்சுவல் மெஷின்களை ஓடவிடும் மென்பொருள்) போட்டு, அதற்குள் கணக்கு மென்பொருளை ஒரு மெஷினாகவும் ஃபயர்வாலை இன்னொரு மெஷினாகவும் வைத்தார்கள். (2024 பெப்ரவரியில் வி.எம்.வேர் நிறுவனம் இதே வேலை செய்யும் தன் இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.யை நிறுத்திய பிறகு இங்கே பலரும் புரொக்ஸ்மொக்ஸுக்கு மாறிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல சாமான்.) கணக்கு மெஷினை ரீஸ்ரார்ட் பண்ணத் தேவைப்படும் என்று புரொக்ஸ்மொக்ஸுக்கு மட்டும் எனக்கு ஒரு லொகின் தந்தார்கள். ஃபயர்வாலின் பாஸ்வேர்டைக் கேட்டபோது, "அது எங்களிட்ட இருக்கிறதுதான் சேஃப், வெளியில போனா வாரன்ரி போயிடும்" என்றார்கள். அப்படி ஒரு வாரன்ரி விதி உலகத்தில் கிடையாது. காசு கொடுத்து வாங்கிய ஃபயர்வாலின் முழு நிர்வாக உரிமை வாங்கியவருக்குத்தான்.

மாதம் தவறாமல் ஒரு பி.டி.எஃப். அறிக்கை மின்னஞ்சலில் வரும். முதல் பக்கத்தில் எங்கள் கடையின் பெயர், கீழே நாடு நாடாகப் பிரித்த வட்டப்படம், அதற்குக் கீழே சிவப்பில் "தடுக்கப்பட்ட தாக்குதல்கள்" என்று ஐந்து இலக்கத்தில் ஓர் எண். முதலாளி அதை அச்செடுத்து ஃபைலில் போட்டு வைப்பார்.

ஒருநாள் மாலை கரண்ட் போனது. வழமையைவிட அதிக நேரம் வரவில்லை. யு.பி.எஸ். தாக்குப்பிடிக்கவில்லை, சேர்வர் அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் சேர்வர் தானாக எழும்பியது, கணக்கு மென்பொருளும் வந்தது, கிளைகளும் வேலையைத் தொடங்கின. யாரும் ஒன்றும் முறையிடவில்லை. அப்புறம் பல வாரங்கள் கழித்து, கணக்கு மெஷினுக்கு இடம் போதவில்லை என்று புரொக்ஸ்மொக்ஸைத் திறந்தேன். இடது பக்கப் பட்டியலில் கணக்கு மெஷினுக்குப் பச்சை அடையாளம். ஃபயர்வாலின் பெயர் மங்கலாகக் கிடந்தது. நின்றுபோய் இருக்கிறது.

புரொக்ஸ்மொக்ஸில் சேர்வர் எழும்பும்போது எந்த மெஷினும் தானாக எழும்ப வேண்டுமானால் அதற்கென்று ஒரு தெரிவை இயக்கி வைக்க வேண்டும். இயல்பில் அது இயக்கப்பட்டிருக்காது. கணக்கு மெஷினுக்கு இயக்கியிருந்தார்கள், ஃபயர்வாலுக்கு இல்லை. மாத வரைபடத்தைத் திறந்தால், கரண்ட் போன அன்று மாலையோடு சி.பி.யு. கோடு கீழே விழுந்து அப்படியே படுத்துக்கிடக்கிறது.

அந்த மாதத்துக்கான அறிக்கையை ஃபைலில் தேடி எடுத்தேன். ஆயிரக்கணக்கில் தாக்குதல்களைத் தடுத்ததாகச் சிவப்பில் எண் இருக்கிறது. வட்டப்படம் முந்திய மாதத்தின் அதே படம். அதற்கு முந்திய மாதத்திலும் அதே படம்தான்.

சரி, அறிக்கை பொய். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. ஃபயர்வால் வாசலில் நிற்கிறது என்றால், அது நின்றுபோன அன்றே இன்டர்நெட் நின்றிருக்க வேண்டும் அல்லவா? கிளிநொச்சிக் கிளை எப்படி இவ்வளவு நாளும் பில் போட்டது?

பின்னறைக்குப் போய்ச் சேர்வரை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் இரண்டு நெட்வேர்க் போர்ட் இருக்கிறது. ஒன்று வெளிப்பக்கத்துக்கு, மற்றது உள்பக்கத்துக்கு என்றுதான் நிறுவிய அன்று சொல்லியிருந்தார்கள். வெளிப்பக்கப் போர்ட்டில் நீலக் கேபிள், பச்சை விளக்கு மினுங்குகிறது. உள்பக்கப் போர்ட்டில் கேபிளே கிடையாது, தூசி அடைத்துப்போய் இருந்தது. கடையில் உள்ள அத்தனை கொம்பியூட்டரும், கணக்கு மெஷினும், ஃபைபர் றவுட்டரில் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தன. என் மேசையில் இருந்து வெளியே ஒரு முகவரிக்குத் தகவல் எந்தெந்த வழியால் போகிறது என்று ட்ரேஸ் போட்டால் முதல் வரியிலேயே றவுட்டரின் 192.168.1.1 வருகிறது. ஃபயர்வாலின் முகவரி எந்த வரியிலும் இல்லை. வேலியே இல்லாத வளவுக்குப் படலை மட்டும் நட்டுப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கிளைகள் எப்படி வந்தன என்பது இன்னும் மோசம். றவுட்டரில் 3389 என்ற போர்ட்டை (இது கேபிள் செருகும் போர்ட் இல்லை, இலக்கமிட்ட கதவு மாதிரி), அதாவது தூரத்தில் இருந்து கொம்பியூட்டரைத் திறக்கும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப்பின் போர்ட்டை, நேராகக் கணக்கு மெஷினுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கிற ரான்சம்வேர்காரர்கள் உலகம் முழுவதும் தட்டிப் பார்க்கிற முதல் கதவுகளில் அது ஒன்று. விண்டோஸின் செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண்ணைத் தேடினேன். பிழையான பாஸ்வேர்டோடு யாராவது உள்ளே வரப் பார்த்தால் அந்த எண்ணில்தான் பதிவாகும். உருட்டிக்கொண்டே போகலாம், முடிவே இல்லை. விநாடிக்கு விநாடி, கேள்விப்படாத முகவரிகளில் இருந்து, "அட்மினிஸ்ட்ரேற்றர்", "அக்கவுண்ட்ஸ்", "ரெஸ்ட்" என்று பெயர் மாற்றி மாற்றி. யாரும் உள்ளே வரவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அன்றே அந்தப் போர்ட்டை மூடினோம்.

கொம்பனிக்கு அழைத்தேன். "ஓம் அண்ணை, நாங்கள் ரிமோட்டா பாத்துக்கொண்டுதான் இருக்கிறம், எல்லாம் ஓகே" என்றது பதில். நின்றுபோன மெஷினை எதால் பார்க்கிறீர்கள் என்று கேட்டதும் மறுமுனையில் சத்தம் இல்லை. முதலாளி நேரில் போய்ச் சத்தம்போட்ட பிறகு ஒரு பொடியனை அனுப்பினார்கள். அவன் சொன்ன காரணம்: "போட்ட அண்டைக்கு நெட் ஸ்லோ எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். அதால தற்காலிகமா கேபிளை மாத்தி விட்டனாங்கள்." அந்தத் தற்காலிகம் அதற்குப் பிறகு மாறவே இல்லை. அதற்கும் மாதாமாதம் காசு.

அவன் ஃபயர்வாலை எழுப்பிப் பாஸ்வேர்ட் அடித்தான். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். முகப்பில் தெரிந்த சீரியல் நம்பர் எஃப்.ஜி.வி.எம்.இ.வி. என்று தொடங்கியது. ஃபோர்டிகேட் வேர்ச்சுவலில் பணம் கட்டி வாங்கிய லைசன்ஸ் என்றால் எஃப்.ஜி.வி.எம். என்பதற்குப் பின்னால் 01, 02, 04 என்ற மாதிரியோ வேறு குறியோ வரும். இ.வி. என்று வந்தால் அது எவல்யூவேஷன், பரீட்சித்துப் பார்க்க இலவசமாகக் கிடைப்பது. இதை மட்டும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இலவச லைசன்ஸை ஃபோர்டிகேட் செய்கிற நிறுவனம் ஒளித்து வைக்கவில்லை. யாரும் ஒரு கணக்குத் திறந்து, கணக்குக்கு ஒன்று என்று எடுக்கலாம், காலாவதியும் ஆகாது. படிக்கிற பிள்ளைகளுக்கு அருமையான வசதி. ஆனால் ஒரு சி.பி.யு., 2 ஜி.பி. ராம், மூன்று இன்டர்ஃபேஸ் (இணைப்பு வாசல்), மூன்று பொலிசி (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதி), மூன்று ரூட் (தகவல் போகும் வழி), அவ்வளவுதான். பாதுகாப்புச் சேவைகள் எதுவும் இல்லை. என்கிரிப்ஷனும் பலவீனமான ரகம்தான் கிடைக்கும். இதைத் தெரிந்த பிறகு மற்றவையெல்லாம் விளங்கத் தொடங்கின. உள்ளிருந்து வெளியே எதையும் விடு என்று ஏன் ஒரே பொலிசி எழுதியிருந்தார்கள்? மூன்றுக்கு மேல் எழுத ஏலாது. போட்ட அன்று ஏன் நெட் ஊர்ந்தது? இரண்டு சி.பி.யு. என்று விற்றது ஒன்றில் ஓடியது. கிளிநொச்சிக்கென்று எழுதி வைத்திருந்த வி.பி.என். சுரங்கத்தில் என்கிரிப்ஷன் டி.இ.எஸ். என்ற பழைய முறை, 56 பிட் சாவி. 1998இலேயே அமெரிக்காவில் ஒரு தன்னார்வ அமைப்பு தான் கட்டிய இயந்திரத்தால் 56 மணித்தியாலத்தில் அதை உடைத்துக் காட்டியது. அந்தச் சுரங்கமும் ஒருநாளும் இணைந்ததாகப் பதிவில் இல்லை.

ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கத்தையும் வெளியில் இருந்து யாரும் திறக்கக்கூடிய மாதிரி றவுட்டரில் விட்டிருந்தார்கள், தங்கள் வசதிக்காக. 2022 ஒக்ரோபரில் இதே ஃபோர்டிகேட்டில், நிர்வாகப் பக்கம் எட்டினாலே பாஸ்வேர்ட் இல்லாமல் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று வெளிவந்தது. 2024 நவம்பரில் பாலோ ஆல்ற்றோ என்ற இன்னொரு மார்க்கிலும் அதே வகை ஓட்டை. எந்த மார்க் என்றாலும் ஓட்டை வரும், திருத்தமும் வரும். நிர்வாகப் பக்கத்தை ஊருக்குத் திறந்து வைத்தவர்கள்தான் முதலில் அடிபடுவார்கள்.

கொக்குவிலில் சிறிய மென்பொருள் கொம்பனி நடத்தும் நண்பருக்கும் இதே கதை, மேகத்தில், அதாவது இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் சேர்வரில். லைசன்ஸ் என்று தனியாக டொலரில் வாங்கிவிட்டு, அமேசனின் மேகமான ஏ.டபிள்யூ.எஸ்.இல் மணித்தியாலத்துக்குக் காசு எண்ணுகிற ரகத்தை ஏற்றிவிட்டார்கள். அந்த ரகத்தின் வாடகைக்குள்ளேயே லைசன்ஸ் இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டு தரம் கட்டினார். போதாக்குறைக்கு ரூட் ரேபிளை (தகவல் எந்த வழியால் போக வேண்டும் என்ற பட்டியலை) மாற்றவே இல்லை. மேகத்தில் ஃபயர்வாலைச் சும்மா ஏற்றி வைத்தால் ஒரு பக்கெட்டும் அதற்குள்ளால் போகாது. ரூட் ரேபிள் அதைக் காட்ட வேண்டும், மற்றவர்களின் தகவலும் ஃபயர்வாலுக்குள்ளால் போக, ஏ.டபிள்யூ.எஸ்.இல் சோர்ஸ் டெஸ்டினேஷன் செக் என்ற தெரிவை அணைக்க வேண்டும், மைக்ரோசொஃப்ற்றின் அஷூர் என்றால் ஐ.பி. ஃபோர்வடிங் என்ற தெரிவை இயக்க வேண்டும். இந்த அடிப்படையைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே யாராவது உங்களுக்குப் போட்டுத் தந்தால், கடை பூட்டிய பிறகு அவர்கள் முன்னாலேயே ஃபயர்வால் மெஷினை அணைக்கச் சொல்லுங்கள். இன்டர்நெட் செத்தால்தான் அது வழியில் இருக்கிறது. பிறகு சேர்வரை முழுதாக அணைத்து எழுப்பச் சொல்லுங்கள், ஃபயர்வால் தானாக வருகிறதா பாருங்கள். லைசன்ஸ் உங்கள் கடையின் மின்னஞ்சலில் திறந்த கணக்கில் பதிவாகியிருக்க வேண்டும். எங்களுடையது அந்தப் பொடியனின் சொந்த ஜிமெயிலில் இருந்தது. முழு உரிமையுள்ள பாஸ்வேர்ட் உங்கள் கையில் வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். சொஃபோஸ் மார்க் ஃபயர்வால் என்று விற்றால் அது ஹோம் எடிஷனா என்று கேளுங்கள். வீட்டுக்கு இலவசம், வியாபார இடத்தில் பாவிக்க அனுமதி இல்லை.

இலவச மென்பொருள் போடுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. இப்போது எங்களிடம் ஓடுவதே ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வால்தான். 2015இல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வாலில் இருந்து பிரிந்து வந்தது, லைசன்ஸுக்குச் சதம் இல்லை. இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் ஒரு தம்பி வந்து, கேபிளை இரண்டாவது போர்ட்டில் செருகி, கிளைகளுக்கு வயர்கார்ட் என்ற வி.பி.என். போட்டு, பாஸ்வேர்டை எழுதி முதலாளியின் கையில் தந்துவிட்டுப் போனார். கூலி மட்டும் வாங்கினார். அது நேர்மையான வேலை. இலவசத்தைப் போட்டுவிட்டு லைசன்ஸ் என்று இன்வொய்ஸ் எழுதுவதைத்தான் களவு என்கிறேன்.

பழைய கொம்பனி மேனேஜ்மென்ட் காசில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்திருக்கிறது. லைசன்ஸ் காசுக்கு, "நிறுவும்போது லைசன்ஸ் வாங்கினது, சிஸ்ரத்தில ஏற மறந்திட்டுது" என்கிறார்கள். வாங்கிய ரசீதைக் காட்டச் சொன்னோம், இன்னும் வரவில்லை. இன்வொய்ஸ், பொய் அறிக்கைகள், சி.பி.யு. வரைபடத்தின் படம், சீரியல் நம்பர் தெரியும் படம் எல்லாம் சேர்த்து மத்தியஸ்த சபைக்குக் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் அதிகாரசபைக்கும் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறைப்பாடு பதிந்தோம். இதே மாதிரி வட்டப்படத்தோடு அறிக்கை வாங்குகிறவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மத்தியஸ்த சபையில் என்ன நடந்தது என்பதைத் திகதி முடிந்ததும் கீழே எழுதுகிறேன்.