அற்றோணித் தத்துவத்தை மாற்றித் தருகிறேன் என்று வீடு தேடி வருபவர்கள்

கொழும்பில் வயதான பெற்றோருக்காக அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதவோ மாற்றவோ இருப்பவர்கள், இதை வாசித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் அம்மா, அப்பா இறந்த கையோடு தெஹிவளை வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி தம் ஒன்றுவிட்ட தம்பிக்குப் பொது அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தார். வாடகைக் கணக்கு ஒழுங்காக வராமல் போகவே, அதை இரத்துச் செய்து என் பெயருக்கு எழுத விரும்பினார். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்வதாகச் சொல்லி ஒருவர் வந்தார். வாய்க்கு வாய் "அம்மா" போட்டார். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் இரத்துப் பத்திரம், புதிய பத்திரம் இரண்டிலும் கையொப்பம் வாங்கி, 65,000 ரூபாயையும் வாங்கிக்கொண்டு போனார். பத்திரத்தை அத்தாட்சிப்படுத்தியதாகப் பெயர் இருக்கும் நொத்தாரிசை அம்மா கண்ணாலும் கண்டதில்லை. இரண்டு சாட்சிகளும் யாரென்று தெரியாது.

சில மாதங்களில் தெஹிவளை வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குத்தகை உறுதியுடன் வந்து இறங்கியது. கையொப்பம் மாமாவுடையது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில்தான் எழுத வேண்டும். எழுதியவர் பதிவேட்டைத் தேடிப் பார்த்தே எழுதியிருக்கிறார். மாமாவின் தத்துவம் அங்கே அப்படியே இருந்தது. வீடு தேடி வந்த அந்த ஆள் கையொப்பம் வாங்கிப்போன இரத்துப் பத்திரம் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. "எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லையே" என்கிறார் மாமா. எரிச்சல் என்னவென்றால், அது உண்மை.

புதியதை எழுதிவிட்டால் பழையது தானாகச் செத்துவிடாது. இரத்தை எழுதிப் பதிய வேண்டும்; பழைய தத்துவக்காரருக்கும் வங்கிக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும். பத்திரிகைகளில் "அற்றோணித் தத்துவம் இரத்து" என்று சின்ன அறிவித்தல்கள் வருவது இதற்காகத்தான்.

அந்த ஆள் சொன்ன இன்னொரு பொய்தான் அதைவிட ஆபத்தானது: "அம்மாவுக்கு நினைவு தப்பினாலும் இந்தப் பத்திரம் செல்லும்." இலண்டனில் இருக்கும் உறவினர்களும் இதையே சொல்வார்கள், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே அப்படி ஒரு பத்திரம் உண்டு. இங்கே நடைமுறையில் இருப்பது 1902ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் தத்துவமும் போய்விடும். பிறகு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்த்தான் சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டும். இறந்தாலும் அதே கதை. அதன்பின் மரண சாசனம்தான் பேசும்.

இப்போது வேறொரு சட்டத்தரணி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து தந்திருக்கிறார். வாடகை வாங்குவது, வரி கட்டுவது, வங்கி அலுவல் ஆகியவற்றுக்கு மட்டும் விசேட தத்துவம். விற்கும் அதிகாரம் இல்லை. பதிவிலக்கம் உள்ள சான்றுப் பிரதி கைக்கு வந்த பிறகே மிச்சக் கட்டணத்தை வாங்கினார். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அந்த ஆளின் தொலைபேசி வேலை செய்யவில்லை. குத்தகை முடியும்வரை அந்தக் குடும்பத்தை எழுப்ப முடியாது.