சி18 கொலத்துக்கு மெதனோல்: திருகோணமலை வெக்கையில் நீண்ட காலப் பாவனை

திருகோணமலையில் ஒரு சிறிய உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சில வருடங்களாக எச்பிஎல்சி இயக்குகிறேன். கரைசலை அழுத்தத்தோடு சி18 கொலம் என்ற, நீரை விலக்கும் துகள்கள் நிரம்பிய குழாயினூடாகச் செலுத்தி, அதிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி அது. ஜாம், சோஸ், குளிர்பானங்களில், கெடாமல் காக்கச் சேர்க்கும் பென்சோயிக் அமிலமும் சோர்பிக் அமிலமும் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பதுதான் அன்றாட வேலை.

மொபைல் பேஸ், அதாவது கொலத்தினூடாக ஓடும் கரைப்பான் கலவை, என்றதும் மெதனோலா, அசற்றோநைட்ரைலா என்றுதான் பலரும் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது பிஎச்சை. பென்சோயிக்கின் பிகேஏ (அமிலம் பாதி அயனாகும் பிஎச்) 4.2, சோர்பிக்கினது 4.76. பிஎச் 4.5இல் பென்சோயிக்கில் மூன்றில் இரண்டு பங்கு அயனாகிவிடும், சோர்பிக்கில் மூன்றில் ஒரு பங்குதான். அயனானது கொலத்தில் குறைவாகவே ஒட்டும். அதனால் பென்சோயிக் முந்தி வெளியேறும், வரைபில் இரண்டின் பீக்கும் (மேடும்) விலகி நிற்கும். பிஎச்சை நன்றாகக் குறைத்தால் இரண்டுமே அயனாகாது, அந்த உதவியும் போய்விடும். ஆனால் 4.5 என்பது பிகேஏக்குப் பக்கத்து இடம். பிஎச் கொஞ்சம் பிசகினாலே பீக் நகரும். அங்கே பிஎச்சை அசையாமல் பிடிக்கும் அசற்றேற்று பஃபர் கைகொடுக்கும், அதன் பிகேஏயும் 4.76தான். பிஎச்சை மெதனோல் சேர்க்க முன்னரே அளந்துவிட வேண்டும், சேர்த்த பிறகு மீற்றர் காட்டுவது சரியான எண் அல்ல.

அப்புறம்தான் கரைப்பான். நாங்கள் 235 நானோமீற்றர் புறஊதா ஒளியில் பார்க்கிறோம். மெதனோலின் உறிஞ்சல் எல்லை (அதற்குக் கீழே கரைப்பானே ஒளியை உறிஞ்சிவிடும்) 205 என்பதால் தொந்தரவு இல்லை, விலையும் குறைவு. அழுத்தம் கூடும் என்பது உண்மை: தண்ணீரோடு ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலக்கும்போது பாகுத்தன்மை உச்சத்துக்குப் போகும். கொலம் அடுப்பை 40 பாகையில் வைத்தால் அழுத்தம் இறங்கும். இங்கே அது இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏசி நின்றால் அறை 33 பாகையைத் தாண்டும். சூடாக்க மட்டும் தெரிந்த அடுப்பை 30இல் வைத்து என்ன பயன்?

மெதனோலைத் தண்ணீரில் கலந்ததும் போத்தல் கைக்கு இளஞ்சூடாக இருக்கும், சுவரில் குமிழிகள் ஒட்டியிருக்கும். ஆறவிட்டு, வாயு நீக்கிய பிறகே பம்புக்குக் கொடுப்பேன். இரண்டையும் தனித்தனியாக அளந்து கலப்பதும் முக்கியம், சேர்ந்ததும் கன அளவு சுருங்கும். அசற்றேற்று பஃபரை அன்றன்றே செய்து 0.45 மைக்ரோனில் வடிக்கிறோம். இந்த வெக்கையில் வைத்திருந்தால் நுண்ணுயிர் வளர்ந்து கொலத்தின் வாயை அடைத்துவிடும்.

அசற்றோநைட்ரைலை நான் ஒதுக்கவில்லை. 210க்குக் கீழே பார்க்க வேண்டியவற்றுக்கு அதுதான் சரி, அதன் எல்லை 190. ஆனால் அது பிளாஸ்டிக், செயற்கை இழைகளுக்கான அக்ரிலோநைட்ரைல் தயாரிப்பின் உபபொருள், அந்தத் தயாரிப்பு குறைந்தால் இதுவும் குறையும். 2008, 2009இல் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. கொழும்பிலிருந்து போத்தல் வரும்வரை காத்திருக்கும் கூடத்துக்கு, அன்றாட வேலை மெதனோலில் ஓடுவதுதான் நிம்மதி.