புதுச்சேரியின் நீளம் 5-ஆ, 10-ஆ, 30-ஆ?

கடலூர் – புதுச்சேரி பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரைக் காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘புதுச்சேரி’யின் நீளத்தைக் கேட்டால் புரோகிராம் மொழிகளில் ஸ்விஃப்ட் 5 என்கிறது, பைத்தான் 10 என்கிறது, ரஸ்ட் 30 என்கிறது. மூன்றும் சரிதான். ஸ்விஃப்ட் எண்ணுவது நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை. பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறியெண்களை, அதாவது உலக எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் கொடுத்திருக்கும் பொது எண்களை. அதில் ‘பு’ என்பது பகரமும் உகரக் குறியுமாக இரண்டு. ரஸ்ட் எண்ணுவது யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் அவை பிடிக்கும் பைட்டுகளை. தமிழில் ஒரு குறியெண்ணுக்கு 3 பைட். கணக்கில் தகராறு இல்லை, நீளம் கேட்கும் கட்டளைக்கு, அதாவது மெத்தடுக்கு, வைத்த பெயரில்தான் தகராறு.

லென், லெங்த் என்ற மெத்தட் பெயர்கள் இரண்டும் எதை எண்ணுகின்றன என்றே சொல்வதில்லை. பைத்தானில் முதல் ஐந்து என்று வெட்டி எடுத்தால், எழுத்துக்குப் பதில் குறியெண் ஐந்து கிடைத்து, ‘புதுச’ வருகிறது, புள்ளி போச்சு. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் இன்னும் மோசம். அது யுடிஎஃப்-16 என்ற இன்னொரு சேமிப்பு முறையின் 2 பைட் அலகுகளை எண்ணுவதால் தமிழில் பைத்தானோடு ஒத்துப்போய், சிரிக்கும் முக எமோஜி ஒன்று வந்ததும் அதை 2 என்று எண்ணும். தமிழை மட்டும் கொடுத்துச் சோதித்தால் இது வெளியே தெரியவே தெரியாது.

சரி, அலகின் பெயரையே வைத்தால்? ரஸ்டிலும் ராகு என்ற மொழியிலும் ‘சார்ஸ்’ (கேரக்டர்ஸின் சுருக்கம்) இருக்கிறது. ரஸ்டில் அதை எண்ணினால் 10, ராகுவில் 5. ஒரே பெயர், இரண்டு பொருள். இது பெயரே சொல்லாததைவிட ஆபத்து. கோ மொழி குறியெண்ணை ‘ரூன்’ என்றதைப் பலர் கிண்டல் செய்வார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, அதை யாரும் எழுத்து என்று நினைத்து ஏமாற மாட்டார்கள். பிஎச்பி மொழியின் ‘எம்பி ஸ்டிரிங் லென்’ (எம்பி என்றால் மல்டிபைட், பல பைட்) எப்படிச் சேமித்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, எதை எண்ணுகிறது என்பதை அல்ல.

என் ஓட்டு ஸ்விஃப்டுக்கும் ரூபி மொழிக்கும். ஸ்விஃப்டில் யுடிஎஃப்8, யுடிஎஃப்16, யூனிகோட் ஸ்கேலர்ஸ் (குறியெண்கள்) என்று முதலில் அலகைச் சொல்லி, அப்புறம் கவுண்ட் கேட்கலாம். வெறும் கவுண்ட் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: பார்க்கச் சுளுவாக இருந்தாலும் சரம் (எழுத்துத் தொடர்) முழுவதையும் நடந்தே எண்ணுகிறது. ரூபியில் பைட்சைஸ் என்ற பெயருக்கு விளக்கமே வேண்டாம்.

ஸ்விஃப்டிலும் ‘லக்ஷ்மி’ 4 என்றுதான் வரும். யூனிகோடின் பொது விதி தமிழில் ‘க்’கையும் ‘ஷ்’ஷையும் பிரித்தே எண்ணுகிறது, நமக்கு அது 3. அதனால் ஸ்விஃப்ட் மாதிரி ‘கேரக்டர்’ (எழுத்து) என்று வாக்குக் கொடுப்பதைவிட, வாய்க்குள் நுழையாவிட்டாலும் ரூபியின் ‘கிராஃபீம் கிளஸ்டர்ஸ்’ (யூனிகோட் விதி ஒன்றாக எடுக்கும் குறியெண் கொத்துகள்) நேர்மையான பெயர்.