விமானத்தில் வராத பெட்டியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தங்கை கல்யாணம் முடிந்து சென்னையிலிருந்து டாலஸ் திரும்பினோம். நடுவில் ஐரோப்பாவில் விமானம் மாற வேண்டும். முதல் விமானமே தாமதம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அடுத்ததில் ஏறிவிட்டோம். டாலஸில் பெல்ட் நிற்கும்வரை காத்திருந்தும் நாலு பெட்டியில் இரண்டுதான் வந்தது.

கவுன்ட்டரில் இருந்த அம்மா பொறுமையாகத்தான் பேசினார். விவரம் எழுதிக்கொண்டு, ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணுமாக ஒரு புகார் எண் தந்தார். "வந்ததும் வீட்டுக்கே அனுப்பிவிடுவோம்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். அதில், வீட்டில் ஆள் கையெழுத்துப் போடாவிட்டாலும் வாசலில் வைத்துவிட்டுப் போகச் சம்மதம் என்று ஒரு கட்டம். தூங்கி ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது, குழந்தை வேறு அழுகிறாள். படிக்காமலே டிக் போட்டுக் கொடுத்தேன். இந்தப் பதிவை எழுதுவதே அந்த டிக்குக்காகத்தான்.

ஏர்லைன் பெயர் போட்ட வேனில் யாராவது சீருடையோடு கொண்டுவருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஏர்லைன் அதை ஒரு டெலிவரி கம்பெனியிடம் ஒப்படைக்கிறது. அந்தக் கம்பெனி தன் ஆப்பில் போடுகிறது. அந்த நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்டு, சொந்தக் காரில் விமான நிலையம் வந்து நாலைந்து பேர் பெட்டியை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். நடைக்கு இவ்வளவு என்று கூலி. பெட்ரோலும் காத்திருக்கும் நேரமும் அவர் தலையில்.

மூன்றாம் நாள் மாலை ஐந்திலிருந்து பத்துக்குள் வரும் என்று செய்தி வந்தது. பத்தே முக்காலுக்கு டிரைவர் கூப்பிட்டு கேட் கோடு கேட்டார். சின்னப் பையன் குரல். காரில் இன்னும் மூன்று பேர் பெட்டி இருக்கிறது, கடைசியாக மெக்கின்னி என்கிற ஊர்வரை போகணும் என்றார். வீட்டு எண் 2117, மாடி, வந்ததும் ஒரு போன் பண்ணுங்கள், என் கணவர் கீழே வந்து வாங்கிக்கொள்வார் என்றேன். சரி என்றார். போன் வரவில்லை. இரவு 11.52க்கு 'டெலிவரி முடிந்தது' என்று ஒரு படம் வந்தது.

அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. எங்கள் இரண்டு பெட்டிகளும்தான். பெரியதன் கைப்பிடியில் அப்பா கட்டிய சிவப்பு ரிப்பன்கூடத் தெரிகிறது. ஆனால் எங்கள் வாசலில் கோல ஸ்டிக்கர் இருக்கும், படத்தில் வெறும் சிமென்ட் தரை. கதவில் பாதி இருட்டில் 1127.

உடனே அவர் எண்ணுக்குத் திருப்பி அடித்தேன். போகவில்லை. அது அவருடைய சொந்த எண் இல்லை, ஆப் இடையில் கொடுக்கிற எண். டெலிவரி முடிந்தது என்று அவர் அழுத்தியதும் அதுவும் செத்துவிடுகிறது.

எங்கள் வளாகத்தில் எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு. என் கணவர் டார்ச்சோடு அரை மணி நேரம் சுற்றி 1127ஐக் கண்டுபிடித்தபோது வாசலில் சிறிய பெட்டி மட்டும்தான் இருந்தது. ஜன்னலில் திரை கிடையாது, உள்ளே வெறும் தரை. ஆள் குடியில்லாத வீடு. நல்லவேளையாகப் பெரிய பெட்டியில் ஏர்டேக், அதாவது இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் சின்ன வில்லை, போட்டிருந்தோம். அது பின் கேட் பக்கம், குப்பைத் தொட்டி இருக்கும் இடத்தைக் காட்டியது. அங்கே பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அம்மா ஸ்கெட்ச் பேனாவால் 'பருப்புப்பொடி', 'சுண்டைக்காய் வற்றல்' என்று எழுதி ஒட்டிய பாக்கெட்டுகள் தரையில் சிதறியிருந்தன. பட்டுப் புடவைகளைச் சுற்றி வைத்திருந்த துணிப்பை இல்லை. மூன்று புடவை, ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ். மூன்றில் ஒன்று அம்மாவின் கூறைப்புடவை. அதைக் கைப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும், தெரியும். குழந்தையின் பால் டப்பாவும் டயப்பரும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.

அப்புறம்தான் அலைச்சல் ஆரம்பம். ஏர்லைனில் கேட்டால் "படத்தோடு டெலிவரி ஆகிவிட்டது, வாசலில் வைக்க நீங்களே சம்மதித்திருக்கிறீர்கள்" என்றார்கள். டெலிவரி கம்பெனி, டிரைவர் எங்கள் ஊழியர் இல்லை, ஆப்பில் வேலை எடுப்பவர் என்றது. ஆப்காரர்கள் எங்கள் வாடிக்கையாளர் ஏர்லைன்தான், உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தமே கிடையாது என்று எழுதினார்கள். அந்தப் பையனைத் திட்ட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நடு ராத்திரியில் ஒரே மாதிரி இருபது கட்டடத்துக்கு நடுவில் யாராக இருந்தாலும் தவறுவார்கள். ஒரு போன் பண்ணியிருக்கலாம், அவ்வளவுதான் அவர்மேல் வருத்தம். டிக்கெட்டுக்குப் பணம் வாங்கியவர்கள் கைகழுவியதுதான் ஆறவில்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அந்தக் கட்டத்தில் டிக் போடாதீர்கள். கையெழுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்று படிவத்திலேயே எழுதி, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் பக்கமாக இருந்தால் பெட்டி வந்ததும் நீங்களே போய் வாங்கிவிடுங்கள். எங்களுக்கு இருபது நிமிடம்தான், போயிருக்கலாம். டிரைவர் கூப்பிட்டால் போனை வைக்காமல் பேசிக்கொண்டே கீழே இறங்கி நில்லுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஏர்டேக் இருக்கும் இடத்தை இணைப்பாக ஏர்லைனுக்கே அனுப்பலாம். 2024 டிசம்பரில் வந்த வசதி, பல ஏர்லைன்கள் ஏற்கின்றன, ஏழு நாளில் அந்த இணைப்பு தானாகக் காலாவதியாகும்.

பணத்துக்கும் கெடு உண்டு. சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம்தான் சட்டம். பெட்டி சேதமானால் கைக்கு வந்த ஏழு நாளுக்குள், தாமதமானால் 21 நாளுக்குள், எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். போனில் சொன்னது செல்லாது. நான் பெட்டி கிடைத்த இரண்டாம் நாளே மின்னஞ்சல் அனுப்பி, போலீஸ் புகார் எண்ணையும் 1127 படத்தையும் சேர்த்துவிட்டேன். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 டாலர். இது போக, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி ஒன்று: வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் அந்த விமானம் 12 மணி நேரம்வரை பறப்பதானால் 15 மணி நேரத்துக்குள்ளும், அதற்கு மேல் பறப்பதானால் 30 மணி நேரத்துக்குள்ளும் பெட்டி வந்து சேராவிட்டால் அதற்குக் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். புகார் பதிந்திருந்தால் போதும். கூடுதல் பெட்டிக்குக் கட்டியது எங்களுக்கு அப்படித்தான் திரும்பியது.

மற்றதெல்லாம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு புடவைக்குக் கடை ரசீது இருந்ததால் அதுவரை ஒப்புக்கொண்டார்கள். கூறைப்புடவைக்கும் ரசீது கேட்டுப் போன வாரம் மின்னஞ்சல் வந்தது. அது 1991ல் தாத்தா காஞ்சிபுரம் போய் எடுத்துவந்தது. கல்யாண ஆல்பத்தில் அம்மா அதைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்திருக்கும் படத்தைத் தங்கை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறாள். இன்று ராத்திரி அதைத்தான் இணைத்து அனுப்பப் போகிறேன்.