மண்டபத்து உப்புக்காத்துல நாலு மாசம்: எங்க பக் நாயோட நெஞ்சு பெல்ட் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், துணி நல்லா இருக்கு, தையல் நல்லா இருக்கு, ஹூக்கு, வளையம்னு இருக்க இரும்பு மட்டும் மோசம், அதுலயும் நீங்க கடலோரத்துல இருந்தீங்கன்னா ரொம்பவே மோசம். அவசரத்துல இருக்கவங்க இதோட நிறுத்திக்கலாம். மத்தவங்க உக்காருங்க, கதை பெருசு.

எங்க வீட்டுல இருக்கறது பக். பேரு கட்டையன். காசு குடுத்தெல்லாம் வாங்கல, என் தம்பி சென்னையில வேலை பாத்தப்ப ஆசை ஆசையா வளத்தான், துபாய் விசா வந்ததும் "அக்கா ரெண்டே மாசம்"னு சொல்லி ராமேஸ்வரம் போற வழியில இருக்க மண்டபம்ங்கற எங்க ஊருக்கு வந்து எங்க தலையில கட்டிட்டுப் போயிட்டான், அது ஆச்சு ரெண்டு வருஷம். தெருவுல கூட்டிட்டுப் போனா பெருசுங்க எல்லாம் இன்னும் ஹட்ச் நாயின்னுதான் சொல்லுவாங்க. 2003ல அந்த விளம்பரம் வந்துச்சுல்ல, சின்னப்பய எங்க போனாலும் பின்னாடியே ஓடுமே அது, ஹட்ச் வோடபோன் ஆகி, வோடபோன் ஐடியாவோட சேந்து இப்ப வேற பேரும் வச்சாச்சு, ஆனா எங்க தெருவுல கட்டையன் இன்னும் ஹட்ச்தான். சின்னப் பிள்ளைங்களுக்கு விளம்பரம் தெரியாது, அதுக பன்னிக்குட்டியான்னு கேக்கும். மூச்சு விடுற சத்தத்துக்கு அதுலயும் தப்பில்ல.

தம்பி குடுத்துட்டுப் போனப்ப கழுத்துல ஒரு தோல் பட்டை இருந்துச்சு. அதுல கட்டி இழுத்தா இவன் ரெண்டடி முன்னாடி பாயுவான், உடனே கொர் கொர்ருன்னு இழுக்க ஆரம்பிச்சிருவான், கண்ணு வேற ஏற்கனவே வெளிய வந்து நிக்கிற கண்ணு, இன்னும் கொஞ்சம் பிதுங்கும், பாக்கவே பயமா இருக்கும். ராமநாதபுரத்துல நாங்க காட்டுற டாக்டர் பாத்ததுமே அதைக் கழட்டுங்கன்னுட்டாரு. பக்குக்கு மூக்கு நீட்டமே கிடையாது, உள்ள இருக்க சதை மட்டும் மத்த நாய்க்கு இருக்க அளவு இருக்கு, அந்தச் சின்ன இடத்துல எல்லாம் அடைச்சுக்கிட்டு கெடக்கு, அதுல வெளிய இருந்து கழுத்தையும் நெரிச்சா எப்படி மூச்சு விடும், கண்ணுலயும் அழுத்தம் ஏறும்னாரு. அது போக பக்குக்குத் தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே அகலம், பின்னாடி ரிவர்ஸ் எடுத்தான்னா பட்டை தலை வழியா அப்படியே கழண்டு என் கையில வந்துரும், அவன் அங்குட்டு ஓடிருவான். அதனால நெஞ்சு பெல்ட்தான், ஹார்னஸ், வேற வழியே இல்ல.

இங்க கடையில கேட்டா அல்சேஷன் சைஸ்ல தோல்ல ஒண்ணு இருந்துச்சு, பூனைக்குப் போடுறது ஒண்ணு இருந்துச்சு. சரின்னு ஆன்லைன்ல 649 ரூபாய்க்கு வலைத்துணியில ஒரு செட், பெல்ட்டும் கூடவே கயிறும். கம்பெனி பேரு வேணாம், ஏன்னா இதே மாதிரி ஹூக்கைத்தான் எல்லாரும் போடுறாங்கன்னு அப்புறமா தெரிஞ்சுது. வாங்கும்போது ஒண்ணு பாத்துக்கோங்க, தலை வழியா மாட்டுற மாடல் வேணவே வேணாம். பக்கோட முழிய காப்பாத்த முன்னாடி மூக்கே இல்ல, மாட்டும்போது துணியோட ஓரம் நேரா கண்ணுலதான் உரசும், அது கீறி புண்ணாச்சுன்னா மருந்து ஊத்தி முடியாது. கீழ விரிச்சு வச்சு ரெண்டு முன்னங்காலையும் ஓட்டையில வைக்கச் சொல்லி முதுகுல பூட்டுற மாடல்தான் சரி. நான் வாங்கினது அதுதான், அந்த ஒரு விஷயத்துல எனக்கு நானே சபாஷ்.

சைஸ் பாக்கறப்ப எடைய பாத்து வாங்காதீங்க. பக் 6ல இருந்து 8 கிலோ இருந்தா போதுமாம், எங்க ஆளு ஒன்பதரை, டாக்டர் கிட்ட போறப்பெல்லாம் எனக்குத்தான் திட்டு விழும். சைஸ் சார்ட்ல அந்த எடைக்கு எஸ்னு போட்டிருந்தான், நல்லவேளை நான் தையல் மிஷின் டேப்ப எடுத்து முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்ச சுத்தி அளந்தேன், 21 இஞ்ச். எம்தான் சரியா வந்துச்சு. எஸ் வாங்கியிருந்தா பட்டனே எட்டியிருக்காது. ரெண்டு விரல் உள்ள போற அளவுக்கு லூசா இருக்கணும், அதுக்கு மேல லூசா விட்டா கக்கத்துல உரசி முடி கொட்டி செவந்துரும்.

முதல் மாசம் நெசமாவே சந்தோசமா இருந்துச்சு. மூச்சு இழுப்பு பாதி கொறஞ்சிருச்சு. காலையில 5 மணிக்கு எந்திரிச்சு ஆறரைக்குள்ள வீடு வந்துருவோம், அதுக்கு மேல மண்ணு சுட ஆரம்பிச்சிரும். எங்க ஊருக்கு ரெண்டு பக்கமும் கடல், கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கறப்ப தெக்குக்கடல் பக்கம் போனா மண்ணு பறந்து இவன் கண்ணுல விழும், அப்ப வடக்குக்கடல் பக்கம் போவோம், வாடைக்காத்து வந்தா தெக்குக்கடல் பக்கம் மாறிக்குவோம். போட்டுக்காரங்க எப்படிக் காத்து பாத்து தொழிலுக்குப் போறாங்களோ அப்படித்தான் நாங்களும், என்ன, நாங்க ஒண்ணுக்குப் போக.

துணி விஷயத்துல கொறை சொல்ல முடியாது. வலை வலையா இருக்கறதால கொஞ்சம் காத்து போகுது. நாய்க்கு மனுசன் மாதிரி வேர்க்காது, நாக்கத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கி அந்த ஈரம் காஞ்சாத்தான் ஒடம்பு குளுரும், மூக்கு சப்பையா இருக்க நாய்க்கு அதுவே பாதிதான் வேலை செய்யும், நம்ம ஊரு காத்துல ஈரம் வேற அதிகம், அப்ப நாக்குல இருக்க ஈரம் எங்க காயும்? துணிய காயப்போட்டாலே சாயங்காலம் வரைக்கும் நசநசங்குது. அதனால இந்த ஊர்ல பக் வளக்கறவங்க மெத்து மெத்துனு பஞ்சு வச்ச பெல்ட் எதுவும் வாங்காதீங்க, எவ்வளவு அழகா இருந்தாலும். கருப்பு கலரும் வேணாம். நான் நீலம் வாங்கினேன், இப்ப வெள்ளையா இருக்கு, அது உப்பு.

அந்த உப்புலதான் வில்லங்கமே. மேல இருக்க பட்டன் பிளாஸ்டிக், அது பாட்டுக்கு இருக்கு. முதுகுல இருக்க வளையமும் கயிறு நுனியில இருக்க ஹூக்கும் பளபளன்னு வெள்ளி மாதிரி இருந்துச்சு. மூணாவது வாரம் ஹூக்குல சின்னதா பொட்டு பொட்டா பச்சையும் வெள்ளையும் பூத்துச்சு. ரெண்டாவது மாசம் மேல பூச்சு உரிஞ்சு உள்ள இருக்க ஸ்பிரிங் செவப்பாயிருச்சு, விரல வச்சு இழுத்தா பாதி வரைக்கும் வந்து நின்னுக்கும், தேங்கெண்ண விட்டு தட்டி தட்டி மூடணும். ஒவ்வொரு தடவையும் கடல்ல இருந்து வந்ததும் நல்ல தண்ணியில அலசணும்னு போட்டிருக்கான். நல்ல தண்ணிக்கு எங்க போறது? எங்க வீட்டு போர்ல வர்றது உப்புத் தண்ணி, குடிக்க சமைக்க வர்ற காவிரித் தண்ணி வராத நாள்ல குடத்துக்குக் காசு குடுக்குறோம், அதுல நாய் பெல்ட்ட அலசினா எங்க மாமியா என்னைய அலசிருவாங்க. சரின்னு போர் தண்ணியில அலசினேன், அது இன்னும் கேடு, காஞ்சதும் துணியில உப்பு படிஞ்சு நிக்கும், அந்த உப்பு காத்துல இருக்க ஈரத்தையெல்லாம் இழுத்து வச்சுக்கும், பெல்ட் எப்பவுமே ஈரமா இருக்க மாதிரியே இருக்கும், அந்த ஈரம் நேரா இரும்புக்கு. இப்ப பருப்பு அரிசி களைஞ்சு கடைசியா ஊத்துற தண்ணிய ஒரு வாளியில பிடிச்சு வச்சு அதுலதான் முக்கி எடுக்குறேன். முழுசா சரி ஆகல, ஆனா தேவல.

வெல்க்ரோ பத்தி சொல்ல மறந்துட்டேன். வயித்துப் பக்கம் ஒட்டுறது. பக்கு முடி கொட்டுறது தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், வருஷம் முழுக்கக் கொட்டும், அந்த முடியும் மண்ணும் காஞ்ச பாசியும் சேந்து வெல்க்ரோவுல கம்பளி நெய்ஞ்சிரும். பேன் சீப்பு வச்சு வாரி எடுங்க, பழைய பிரஷ்ஷெல்லாம் வேலைக்கு ஆகாது.

இப்ப மெயின் மேட்டர். மூணாவது மாசம் ஒரு காலையில வடக்குக்கடல் பக்கம் பக்கத்து வீட்டு மதினி நெத்திலி காயப்போட்டிருந்தாங்க, வலைய விரிச்சு அது மேல முழுசா பரப்பி, காக்கா வராம கையில குச்சி வச்சு உக்காந்திருந்தாங்க. கட்டையன் வாசம் பிடிச்சிட்டான். நான் கயித்த சுருக்கிப் பிடிச்சேன், அவன் ஒரு இழுப்பு இழுத்தான், டிக்குன்னு ஒரு சத்தம், என் கையில கயிறு இருக்கு, ஹூக்கும் இருக்கு, நாயக் காணோம். ஹூக்கு பாதி மூடுன நிலையில மாட்டியிருந்திருக்கு, நான் கவனிக்கல. அவன் போயி திங்கக்கூட இல்ல முதல்ல, நெத்திலி மேல மல்லாக்க படுத்து அங்குட்டும் இங்குட்டும் உருண்டான், நாலு காலும் வானத்துல. மதினி குச்சியோட எந்திரிச்சு "ஏத்தா, ஒன் நாயி என் பொழப்புல படுத்து பொரளுதுத்தா"ன்னு கத்துறாங்க, நான் பிடிக்கப் போறேன், அவன் அதுக்கப்புறம்தான் திங்க ஆரம்பிச்சான். ரெண்டு கை நெத்திலி போயிருக்கும். மதினிக்கு 200 ரூபா குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாங்க, அப்புறம் வாங்கிக்கிட்டாங்க.

அன்னைக்கு பூரா தண்ணியா குடிச்சான், ரெண்டு தடவ வாந்தி. டாக்டருக்குப் போன் பண்ணா, உப்பு அதிகமாப் போனா நாய்க்கு ஆபத்து, தண்ணிய ஒரேயடியா வைக்காம கொஞ்சம் கொஞ்சமா வைங்க, தள்ளாடினாலோ ஒடம்பு நடுங்கினாலோ ஒடனே தூக்கிட்டு வாங்கன்னாரு. அப்படி ஒண்ணும் ஆகல. நெத்தி மடிப்புக்குள்ள போன வாசம் மட்டும் பத்து நாள் இருந்துச்சு, அந்த மடிப்ப தெனம் ஈரத்துணியில தொடச்சு உடனே காயவும் தொடைக்கணும், இல்லன்னா உள்ளயே புண்ணு வந்துரும், நான் தொடச்சுக்கிட்டேதான் இருந்தேன், வீடே கருவாட்டுக் கடை.

கம்பெனிக்கு போட்டோ எடுத்து அனுப்புனேன். ஏழு நாள் தாண்டிருச்சு, மாத்தித் தர முடியாது, பொருளை ஈரமில்லாத, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்னு பதில் வந்துச்சு. மண்டபத்துல ஈரமில்லாத இடம் எதுன்னு திருப்பிக் கேட்டேன், அதுக்கு பதில் இல்ல.

எங்க வீட்டுக்காரரு விசைப்படகுல டிரைவர். அப்ப மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் வீட்டுலதான், வெட்டியா இருந்ததால அந்த ஹூக்க எடுத்து உரசிப் பாத்தாரு. "இது இரும்பே இல்லடி, ஏதோ அலாய், மேல முலாம் பூசியிருக்கான்"னாரு. அப்புறம் பெரிய லெக்சர். பாம்பன்ல 1914ல கட்டுன ரயில் பாலம் காலம் பூரா துருவோட சண்டை போட்டு கடைசியில 2022 டிசம்பர்ல ரயில நிறுத்திட்டாங்க, 2025 ஏப்ரல்ல தெறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டு துரு பிடிக்காத தனி பெயின்ட்டும் அடிச்சிருக்காங்க, அந்தப் பாலத்துக்கே இந்தக் காத்துல இந்த கதி, ஒன் ஹூக்கு எந்த மூலைக்குன்னாரு. ஒரு நாய் ஹூக்குக்கு இவ்வளவு பேசுற ஆளு வீட்டுக் கொழாய் ஒழுகறத ஆறு மாசமாப் பாக்கல, அது வேற விஷயம்.

ஆனா வேலை செஞ்சு குடுத்தாரு. போட்டு சாமான் விக்கிற கடையில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹூக்கு கிடைக்கும், சுத்துற ஸ்விவலோட. அந்த ஸ்டீல்லயும் 304, 316னு ரெண்டு ரகம் இருக்காம், 316தான் உப்புக்குத் தாங்கும், வெலை கொஞ்சம் கூட. 180 ரூபா ஆச்சு. முதுகு வளையத்தையும் வெட்டி எடுத்துட்டு அதே ஸ்டீல்ல ஒரு வளையம் வச்சு, வலை பின்னுற நைலான் நூல்ல தச்சுட்டாரு. அந்தத் தையல் கம்பெனி தையல விட கெட்டி. ஒரு மாசமாச்சு, ஒரு பொட்டு கூட இல்ல. கொஞ்சம் கனம்தான், கட்டையன் முதல் ரெண்டு நாள் முதுக திரும்பித் திரும்பிப் பாத்தான், அப்புறம் மறந்துட்டான்.

ஆக 649ம் 180ம் வளையத்துக்கு ஒரு 60ம். துணிக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஹூக்குக்கு பூஜ்யம்கூட ஜாஸ்தி. மதுரை, திருச்சி பக்கம் இருக்கவங்க அப்படியே வாங்குங்க, ஒண்ணும் ஆகாது. ராமேஸ்வரம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி இந்தப் பக்கம் இருக்கவங்க வாங்கின அன்னைக்கே ஹூக்க மாத்திருங்க, துருப்பிடிக்கட்டும் பாப்போம்னு இருக்காதீங்க. தெனமும் மாட்டுன பிறகு ஒரு தடவ இழுத்துப் பாத்துட்டு வாசல் தாண்டுங்க.

நேத்து மதினி வீட்டுக்கு வந்து பெல்ட்ட திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. எங்க வாங்குன, எவ்வளவுன்னு கேட்டாங்க. நாய் வாங்கப் போறீங்களான்னேன். "நாயா, எவ வளப்பா, என் ஆட்டுக்குட்டி கழுத்துக் கயித்த அத்துக்கிட்டு ஓடுதுத்தா, அதுக்கு"ன்னாங்க. டேப்ப வாங்கிட்டுப் போயிருக்காங்க, குட்டிக்கு நெஞ்சு எத்தன இஞ்சுன்னு அளந்துட்டு வந்து சொல்றேன்னு.