தமிழ்ச் சொற்களைப் பிரிக்காத எக்செல் ஃபங்ஷன்: முன்பணம் கொடுக்கும் முன் கவனிக்கவும்

எங்கள் ஊர் வரலாற்று நூலுக்குச் சொல்லடைவு தயாரிப்பதற்காக, ஒரு செல்லில் உள்ள வாக்கியத்திலிருந்து, எத்தனையாவது சொல் என்று நாம் குறிப்பிடுகிறோமோ அந்தச் சொல்லை மட்டும் எடுத்துத் தரும் விபிஏ (எக்செலுக்குள் நிரல் எழுதும் மொழி) ஃபங்ஷன் ஒன்றை எழுதித் தருமாறு, இணையவழியில் இத்தகைய வேலைகளை ஏற்கும் ஒருவரிடம் 4,500 ரூபாயை முழுவதுமாக முன்கூட்டியே கொடுத்து ஏமாந்தேன்.

அவர் அனுப்பிய செயல்விளக்கக் காணொளியில் ஆங்கில வாக்கியங்கள் மட்டுமே இருந்தன. அப்போதே எனக்கு ஐயம் வந்திருக்க வேண்டும். என் கோப்பில் அந்த ஃபங்ஷன் தமிழ்ச் சொற்கள் அனைத்தையும் விட்டுவிட்டு, வாக்கியத்துக்குள் இருந்த ஆண்டுகளை மட்டும் சொல் என்று எடுத்துத் தந்தது. விபிஏ-வில் வழக்கமாகப் பயன்படும் ரெகெக்ஸில் (குறிப்பிட்ட வடிவில் அமைந்த எழுத்துத் தொடர்களைத் தேடும் முறை) ‘சொல்லெழுத்து’ என்பதற்கான குறி ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றுக்கு மேல் எதையும் அறியாது என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன்.

முறையிட்டதும் வந்த இரண்டாம் பதிப்பு இன்னும் மோசம். அ முதல் ஹ வரையிலான எழுத்துகளை மட்டும் சேர்த்திருந்தார் போலும்; யூனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணைக் குறியீடாகத் தரும் பொதுமுறை) புள்ளியும் கால், கொம்பு போன்ற குறிகளும் ஹகரத்துக்குப் பின்னால் தனிக் குறியீடுகளாக இருப்பதால், ‘அம்மா’ என்ற சொல் ‘அம’, ‘ம’ என்று இரண்டாக உடைந்தது. இதைச் சுட்டிக்காட்டியபோது, தமிழ் என்பது கூடுதல் தேவை என்று சொல்லி மேலும் 3,000 ரூபாய் கேட்டார். நான் அனுப்பிய முதல் மடலிலேயே இருபது தமிழ் வாக்கியங்களை இணைத்திருந்தேன். நாங்களே திருத்திக்கொள்ளலாம் என்றால் நிரலைக் கடவுச்சொல்லால் பூட்டியிருந்தார். கடவுச்சொல்லைக் கேட்டதோடு பதில் வருவது நின்றுவிட்டது, பணமும் திரும்பவில்லை.

பின்னர் உறவினர் ஒருவர், யூனிகோடில் தமிழுக்குரிய 2944 முதல் 3071 வரையிலான குறியீடுகள் முழுவதையும் ஏற்கும்படி சில வரிகளில் புதிதாக எழுதித் தந்தார்.

இத்தகைய வேலையைக் கொடுப்பவர்கள், புள்ளி வைத்த எழுத்துகள், ஒட்டிய காற்புள்ளி, இரட்டை இடைவெளி, வலைப்பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும், யூனிகோடில் 160 என்ற எண்ணுடைய தனிவகை இடைவெளி ஆகியவை கலந்த தங்கள் சொந்த வாக்கியங்களில் ஃபங்ஷன் இயங்குவதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பூட்டாத நிரலை எக்ஸ்எல்எஸ்எம் (நிரலையும் சேர்த்து வைக்கும் எக்செல் கோப்பு வகை) கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகச் சேமித்தால் நிரல் அதில் தங்காது.